மருந்தேற்றக் குழுவின் நாற்பத்தோராவது கூட்டம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு:

நீள்வட்ட மேசையின் தலைமாட்டில், சுழல் நாற்காலியில், மருத்துவமனைக் கண்காணிப்பாளர். அவருக்கு வலப்பக்கம் கை வைத்த நாற்காலியில் படப்பிரிவுத் தலைவர். அவருக்கு முன்னால் மேசைமேல் ஒரு கண்ணாடிக் கேடயம். இடப்பக்கம் அதே மாதிரி நாற்காலியில், ஆனால் அடியில் ஒரு மெத்தையைப் போட்டு இரண்டு விரற்கடை உயர்ந்து, புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர். ஜன்னலோரம் சிறுநீரக மருத்துவர். அவருக்கு எதிரே, மூன்று வண்ணக் கோப்புகளோடு, தர அலுவலர் அம்மையார். கதவோரம் ஒரு முக்காலியில் பேருந்துப் பணிமனை டைம் கீப்பர்.

யாருக்காகக் கூட்டம் கூடியதோ அந்த அம்மாள், டைம் கீப்பரின் மனைவி, வெளியே நடைபாதையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். நோயாளியை நேரில் பார்த்தால் குழுவின் நடுநிலை கெட்டுவிடும் என்பது விதி.

டைம் கீப்பர் முப்பத்தோரு வருடமாக எந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று எழுதுகிறவர். பதினேழு நிமிடம் தாமதமாக வந்த வண்டியைப் பதினாறு என்று ஒருநாளும் எழுதியதில்லை. யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதும் இல்லை. தன் முறை வந்தால் எல்லா வண்டியும் கிளம்பும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனிதரைப் பொறாமையில் வேகவைத்துக் கரியாக்கியது இந்த மருத்துவமனையின் ஒரு முழப் பச்சைப் பட்டைதான்.

மனைவி கணக்கு டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன் மார்பில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்து, கீமோவும் கொடுத்தார்கள். அதன்பின் நன்றாகத்தான் இருந்தாள். போன மாதம் ஒருநாள் கரும்பலகையில் ஏழு என்று எழுதிவிட்டு, ஏழு என்றால் எத்தனை என்று தெரியாமல் நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்து வைத்தாள். பிறகு காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. தேநீர்க் குவளையை மேசைக்கு அரைச் சாண் தள்ளி, காற்றின்மேல் வைத்தாள்.

அவளைப் பரிசோதித்துவிட்டுப் புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர் விளக்கிச் சொன்னார். திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். அது உடம்புக்குக் கேட்கும், தலைக்குள் அவ்வளவாக ஏறாது. நோய் மூளைக்குப் பரவியிருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். "கடுகா இருக்கறப்ப கதிரை வெச்சுச் சுட்டுடலாம். எலுமிச்சம்பழம் ஆயிட்டா நம்ம கையில இல்ல" என்றவர், மருந்தேற்றி எம்.ஆர்.ஐ. எடுக்கும்படி சீட்டு எழுதினார்.

படப்பிரிவில் அந்தச் சீட்டை வாங்கி, மனைவியின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டையைக் கட்டி, மருந்தேற்றாமல் எடுத்தார்கள்.

"சீட்டுல மருந்துன்னு போட்டிருக்கேம்மா" என்றார் டைம் கீப்பர், படம் எடுக்கும் பெண்ணிடம்.

"அவங்க அப்படித்தான் எழுதுவாங்க சார். முதல்ல சும்மா எடுக்கணும். அதுல சந்தேகப்படற மாதிரி ஏதாவது தெரிஞ்சாத்தான் மருந்து. அது எங்க பிரிவு விதி."

"சும்மா எடுத்தாத் தெரியுமா?"

அந்தப் பெண் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பெருசுன்னா தெரியும். சின்னது தெரியாது சார். கையில ஊசி வழியா மருந்து ஏத்தினா அது ரத்தத்தோட போகும். நல்ல மூளை அதை உள்ள விடாது, காவல் கெட்டியா இருக்கும். கட்டி இருக்கிற இடத்துல காவல் உடைஞ்சிருக்குமில்ல? அங்க மருந்து கசிஞ்சு, படத்துல வெள்ளையாப் பளிச்சுனு தெரியும். கடுகளவு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும்."

அதாவது, வீட்டில் திருடன் இருக்கிறான் என்று நிச்சயமானால்தான் விளக்குப் போடுவார்கள்; விளக்குப் போடாமல் திருடனைப் பார்க்க முடியாது. டைம் கீப்பர் இதைத் தாளில் எழுதிப் பார்த்தார். எழுதியும் சரியாகத்தான் வந்தது.

படத்தின் அறிக்கை மறுநாள் வந்தது. 'வெளிப்படையாக ஏதும் காணப்படவில்லை. சிறியவற்றை மருந்தேற்றாமல் காண இயலாது. நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்.' புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர் அதன் கீழே, 'நோயாளியின் நிலையைப் படத்தோடு பொருத்திப் பார்க்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அறிக்கை மேல்மாடிக்கும் கீழ்மாடிக்குமாக நான்கு நாளில் நான்கு தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு முத்திரை கூடியதே தவிர ஒரு சொல் கூடவில்லை.

அந்த நான்கு நாளும் டைம் கீப்பர் காத்திருப்போர் கூடத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் மணிக்கட்டைப் பார்த்தார். மருந்தேற்றுவதற்குத் தேர்வானவர்களுக்குப் பச்சைப் பட்டை. பச்சைக்கு மெத்தை நாற்காலி. வெள்ளைக்கு இரும்பு பெஞ்சு. பச்சையை "வாங்கம்மா, வாங்கய்யா" என்று கூப்பிட்டார்கள், வெள்ளைக்கு நம்பர்.

பக்கத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். பச்சை. பட்டை வெளியே தெரியவேண்டும் என்று முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டியிருந்தார்.

"உங்க வீட்டம்மாவுக்கு எத்தனை தடவை ஏத்தினாங்க?"

"இன்னும் ஏத்தலைங்க."

"அடப் பாவமே! எனக்கு இது மூணாவது" என்றார் தொப்பிக்காரர், மூன்று பெண்ணையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தவர் மாதிரி.

"உங்களுக்கு என்ன தொந்தரவு?"

"பெருசா ஒண்ணுமில்ல. காதுக்குள்ள ஒரு ரீங்காரம். என் மச்சினன் இங்க படப்பிரிவுல ஃபைல் பார்க்கறான். எதுக்கும் ஒரு தடவை ஏத்திப் பார்த்துடுவோம் மாமான்னான். ஊழியர் சொந்தக்காரங்களுக்கு ஏத்தறது அவங்க கணக்குல வராதாம்."

டைம் கீப்பர் அந்தப் பட்டையையே வெறித்தார். அந்த மணிக்கட்டை வெட்டி எடுத்துப் போய் மனைவியின் கையில் ஒட்டவைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அன்று மாலை ஒரு இளைஞனின் சீட்டில், 'மூளைக்குப் பரவியிருப்பது ஏறக்குறைய உறுதி. மருந்தேற்றவும்' என்று எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தார். 'கொடுத்து வைத்தவன்' என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று உறைத்தது. எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எங்க போனீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாத்தான்."

"அந்த அம்மாவைப் பாருங்க. எனக்கு அப்புறம்தான் கீமோ முடிச்சா. அதுக்குள்ள சடை போடற அளவுக்கு முடி வளர்ந்திடுச்சு. பார்க்கப் பார்க்க எனக்கு எரியுது."

"அடுத்தவங்க முடியைப் பார்த்து எரியறதா? நல்லால்லம்மா."

"நீங்க நாலு நாளா அந்த ஆளோட கையையே முறைச்சுக்கிட்டிருக்கீங்க. நான் முடியைப் பார்க்கக் கூடாதா?"

ஐந்தாம் நாள் விவகாரம் குழுவுக்குப் போனது.

கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்துக் கூட்டத்தைத் தொடங்கினார். "நோயாளியின் நலனே நமது உயிர்மூச்சு. ஆகவே முதல் பொருளாகச் சென்ற கூட்டத்தின் குறிப்பை உறுதி செய்வோம்." உறுதி செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. சென்ற கூட்டத்தில் 'கை தட்டினார்கள்' என்று ஒரு வரி இருந்தது. அது படப்பிரிவுக்கா, புற்றுநோய்ப் பிரிவுக்கா என்பதில் கருத்து வேறுபாடு. கடைசியில் 'பொதுவாகக் கை தட்டினார்கள்' என்று திருத்தினார்கள்.

சிறுநீரக மருத்துவர் ஜன்னலிலிருந்து திரும்பி, "கிரியாட்டினின் எவ்வளவு?" என்றார்.

"பாயிண்ட் ஏழுங்க" என்றார் டைம் கீப்பர்.

"கிட்னி நல்லாவே இருக்கே, மருந்தைத் தாங்குமே" என்று ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினார். அவர் பங்கு அத்தோடு முடிந்தது.

படப்பிரிவுத் தலைவர் எழுந்து கேடயத்தைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார். 'மருந்தை மிகக் குறைவாகச் செலவிட்ட பிரிவு' என்று அதில் பொறித்திருந்தது. "நாலு வருஷமா இது எங்க பிரிவுல இருக்கு. எப்படி வந்தது? கட்டுப்பாட்டால வந்தது. நாங்க ஆராய்ஞ்சு பார்த்ததில, மருந்தேத்தினவங்கள்ல பாதிப் பேருக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சது. அப்ப அந்த மருந்து வீண்தானே? இருக்குன்னு வரப்போறவங்களுக்கு மட்டும் ஏத்தினா ஒரு சொட்டுக்கூட வீணாகாது. யாருக்கு இருக்குன்னு முன்னாடியே எங்களுக்குச் சொல்லுங்க. நாங்க ஏத்தத் தயாரா இருக்கோம்."

"முன்னாடியே தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் அனுப்பறோம்?" என்றார் புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர். அவர் கண் பேசுகிறவரிடம் இல்லை, கேடயத்தில் இருந்தது. "எங்க பிரிவுல ஒரு நாளைக்கு இருநூறு பேர் பார்க்கறோம். எங்களுக்கு ஒரு கேடயம் உண்டா? ஒரு தட்டு உண்டா? ஒரு மெத்தையாவது உண்டான்னா, அதையும் நான் வீட்லேருந்து கொண்டுவந்தேன். ஆகவே இந்த நோயாளியின் விஷயத்தில் படப்பிரிவின் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறேன்."

"நோயாளிக்கு என்ன செய்யணும்னு சொல்லலியே" என்றார் கண்காணிப்பாளர்.

"அதைத்தான் கண்டனத்தில் சொல்லியிருக்கேன்."

தர அலுவலர் அம்மையார் பச்சைக் கோப்பைத் திறந்தார். "இரண்டு பேருக்கும் மகிழ்ச்சியான செய்தி. போன வருடம் மருந்து ஏற்றியதில் மூளைக்கு நோய் பரவியவர்கள் இருபத்தாறு பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இந்த வருடம் மருந்தைக் குறைத்தோம். ஒன்பது பேர்தான். அதாவது நம் மருத்துவமனையில் நோய் பரவுவது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. மருந்தை அறவே நிறுத்தினால் அடுத்த வருடம் பூஜ்யத்தை எட்டலாம்."

கை தட்டினார்கள். யாருக்கு என்ற தகராறு இந்தத் தடவை எழவில்லை.

"நோயாளியின் பொறுமைதான் நமது தலைசிறந்த கருவி" என்று கண்காணிப்பாளர் முடிவுரைக்கு வந்தார். "ஆகவே பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம். அடுத்த கூட்டம் அடுத்த மாதம். நோயாளியின் தரப்பில் ஏதாவது சொல்வதாக இருந்தால் ஒரு நிமிடம்."

டைம் கீப்பர் முக்காலியிலிருந்து எழுந்தார். நான்கு பக்கத்துக்கு, தேதி வாரியாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். எழுந்தவர் அதைப் பிரிக்கவில்லை. இத்தனை நேரமாக அவர் மற்றவர்களின் பேச்சைவிடக் கண்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர் கேடயத்தைப் பார்த்தார். படப்பிரிவுத் தலைவர் மெத்தையைப் பார்த்தார். தொப்பிக்காரரின் மணிக்கட்டை எந்தப் பார்வை பார்த்தோமோ, அதே பார்வை. பாம்பின் கால் பாம்பறியும்.

"எனக்கு ஒண்ணும் குறை இல்லைங்க ஐயா. ஐயாமாருங்க அடுத்த மாசம்னா அடுத்த மாசம். எப்படியும் மருந்தேத்தினாலும் பிரயோஜனம் இருக்காதுன்னு பேசிக்கிட்டாங்க."

"யார் பேசிக்கிட்டாங்க?" என்றார் படப்பிரிவுத் தலைவர்.

"கேன்சர் பிரிவுல, பொதுவா. இங்க இருக்கிற மெஷினும் சரி, அதைப் பார்க்கற ஆளும் சரி, கடுகளவு கட்டியெல்லாம் கண்டுபிடிக்கறது நடக்காத காரியம், பூசணிக்காய் அளவு வந்தாத்தான் அவங்க கண்ணுக்குத் தெரியும்னு..."

முப்பத்தோரு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. காலடியில் தரை பிளக்கும் என்று எதிர்பார்த்தார். தரை பிளக்கவில்லை. படப்பிரிவுத் தலைவரின் காதுகள்தான் சிவந்தன.

"நீங்க சொன்னீங்களா?" என்று எதிர்ப்பக்கம் திரும்பினார்.

புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர் யோசித்தார். "அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லை. ஆனா சொல்லாம இருந்திருப்பேன்னும் உறுதியாச் சொல்ல முடியாது."

"அடுத்த மாசம் இல்ல. அடுத்த வாரம் இல்ல" என்று கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார் படப்பிரிவுத் தலைவர். "இப்ப! நானே ஏத்தறேன். நானே பார்க்கறேன். அந்த அம்மா எங்க?"

பச்சைப் பட்டையை அவரே கட்டினார். சக்கர நாற்காலியை அவரே தள்ளினார். ஊசியையும் அவரே போட்டார். பல வருடப் பழக்கமின்மையால் மூன்றாவது குத்தில்தான் ரத்தநாளம் அகப்பட்டது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல டாக்டர், முயற்சி பண்ணுங்க" என்றாள், மக்குப் பையனைத் தேற்றுகிற குரலில்.

கூடத்தில் தொப்பிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பெரிய டாக்டரே வந்து ஊசி போட்டாரா? எனக்கு மூணு தடவையும் நர்ஸுதானே போட்டுச்சு? டேய்..." என்று மச்சினனைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். டைம் கீப்பருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தகரத்தை அடிப்பதுபோல் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நாற்பத்திரண்டு நிமிடம். பிறகு உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"வந்து பாருங்கய்யா! எல்லாரையும் கூப்பிடுங்க!"

திரையில் மனைவியின் தலை குறுக்குவாட்டில் சீவினாற்போல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பின்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி, கடுகு. இடப்பக்கம் இன்னொன்று, மிளகு. இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"மூணு மில்லிமீட்டர்! பாருங்க அந்த விளிம்பை! எவ்வளவு சுத்தமா இருக்கு!" படப்பிரிவுத் தலைவர் டைம் கீப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "யார் கண்ணுக்குத் தெரியாதுன்னாங்க? வாழ்த்துகள் சார்! இதைப் பெருசா எடுத்து வரவேற்பறையில மாட்டப்போறேன்."

டைம் கீப்பர் கையை விடுவித்துக்கொள்ள மறந்து நின்றார். பார்க்கவேண்டும் என்று ஐந்து நாளாகத் தவம் கிடந்தது இதைத்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பட்டைக்காரர், 'ஏதும் காணப்படவில்லை' என்ற தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியோடு ஏதோ பேசிச் சிரித்தபடி படியிறங்கிக்கொண்டிருந்தார். டைம் கீப்பர் அவரைப் பார்த்தார். அவர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்தார். தொப்பிக்காரர்மேல் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர் வந்தார். படத்தைப் பார்த்தார். அதைச் சுற்றி நின்று கை தட்டுகிறவர்களையும் பார்த்தார்.

"இந்தப் படத்தை நான் ஏத்துக்க முடியாது" என்றார். "என் சீட்டு இல்லாம எடுத்தது. என் சீட்டு அஞ்சு நாளைக்கு முந்தினது. அதுக்குரிய படத்தை அவங்க எடுத்து முடிச்சு அறிக்கையும் குடுத்துட்டாங்க. இது முறைகேடான கண்டுபிடிப்பு. அடுத்த கூட்டத்துல வைக்கட்டும்."

"புள்ளி இருக்கே டாக்டர்" என்றார் டைம் கீப்பர்.

"இருக்கு. ஆனா அதிகாரபூர்வமா இல்லை."

அடுத்த கூட்டம் அடுத்த மாதம். கடுகு அதுவரை கடுகாகவே இருப்பதாக யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

படம் எடுக்கும் பெண்தான் ஒரு பிரதியை உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். "சார், இதைச் சுடறது இவங்க இல்ல. கதிர்வீச்சுப் பிரிவு. அடித்தளத்துல இருக்கு. அந்தத் தலைவர் நேரடியாவே எடுத்துச் செய்யலாம், விதி இருக்கு. ஆனா மேல இருக்கறவங்க சொல்லாம அவர் எதையும் தொடமாட்டார். மனுஷன் பன்னெண்டு வருஷமா ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்திருக்கார்."

"ஜன்னலே இல்லையா?" என்றார் டைம் கீப்பர்.

"ஒண்ணுகூட இல்ல சார்."

அவர் மனைவியின் பக்கத்தில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையைத் தொடைமேல் வைத்து, வெள்ளைத் தாளில் ஓரம் விட்டு மடித்து எழுதத் தொடங்கினார். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அவளிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. கடுகையும் சொல்லியிருந்தார், மிளகையும் சொல்லியிருந்தார். "ரெண்டுதானா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

'மதிப்பிற்குரிய கதிர்வீச்சுப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு. வணக்கம். இத்துடன் என் மனைவியின் தலைப் படத்தை இணைத்துள்ளேன். இதில் இரண்டு புள்ளிகள் உள்ளன. முதலாவது மூன்று மில்லிமீட்டர், இரண்டாவது ஐந்து. இவ்வளவு சிறியவற்றைக் குறி தவறாமல் சுடுவது தங்கள் இயந்திரத்தாலோ தங்களாலோ இயலாத காரியம் என்று மேல்மாடியில் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் இருவரும் அதை நம்பவில்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் அழைத்தால் எந்த நேரமானாலும் வருவோம்.'

"மேல்மாடியில யார் பேசிக்கிட்டாங்க?" என்றாள் மனைவி.

"யாரும் பேசலை."

"அப்ப பொய்யா எழுதறீங்க?"

டைம் கீப்பர் பேனாவை நிறுத்தினார். கணக்கு டீச்சர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்னங்க, அடித்தளத்துல இருக்கிற மெஷினால இதெல்லாம் சுட முடியாதாமே?"

"அப்படியாம்மா?"

"அந்த டாக்டருக்கும் அவ்வளவு தெம்பு பத்தாதாம்."

"அடடே!"

"இப்ப ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க" என்றாள். "எழுதுங்க. வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கீங்களே, வியாழன்னு போடுங்க."

அவர் வெள்ளியை அடித்து வியாழன் என்று எழுதினார். அடித்தல் திருத்தல் பிடிக்காதவர். இன்னொரு தாளில் முழுவதையும் திரும்பப் படியெடுத்தார். கையொப்பமிட்டார். அவளும் கீழே தன் பெயரைப் போட்டாள். கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் ஓர் எழுத்துக்கூட விடுபடவில்லை.

"அவருக்குப் பொறாமை இருக்குமாங்க? நல்ல மனுஷனா இருந்துட்டா என்ன பண்றது?"

"பெரிய டாக்டர்மா" என்றார் டைம் கீப்பர். "இல்லாமலா போயிடும்?"

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டு, ஒட்டும் ஓரத்தை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தித் தேய்த்தார். மேலே முகவரி எழுதி, மூலையில் மணி மூன்று ஐம்பத்திரண்டு என்று குறித்து, அடித்தளத்துக்குத் தபால் கொண்டுபோகும் ஊழியரின் கையில் கொடுத்தார். மின்தூக்கியின் கதவு மூடியது.